கல்யாணத்தில் முந்நூற்றுப் பதினெட்டு

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் அடக்கப் பாட்டு பாடினோம்.

அச்சுப்பிழை இல்லை. அடக்கப் பாட்டுதான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் பாடுவது. ஐந்து சரணம். முதல் சரணத்தில் பொழுது சாய்கிறது. இரண்டில் ஆறு குறுக்கிடுகிறது. மூன்றில் மண். நான்கில் புழு. ஐந்தில்தான் ஒருவழியாக விடிகிறது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, இத்தனையும் பாடினோம். புழு உட்பட.

இதில் எனக்கென்ன வேலை? ஸ்லைடு.

வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் கோயம்புத்தூர்க்காரி. புனேவில், விமான் நகரில் சாஃப்ட்வேர் டெஸ்டர். வெள்ளிக்கிழமையானால் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவள். இப்படிப்பட்டவள் வானவடியில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு ஸ்லைடு இன்சார்ஜ் ஆனது எப்படி? ரூம்மேட் பியூலா கூப்பிட்டாளே என்று ஒரு ஞாயிறு போனேன். அங்கே இளைஞர்கள் எல்லோரும் புனேவிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், தட்டுத்தடுமாறி. படிக்க வராது. பாட்டு வரிகளைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் திரையில் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். "தமிழ் டைப்பிங் வருமாம்மா?" என்றார் போதகர். வரும் என்றேன். முடிந்தது கதை.

சேர்ந்த பிறகு கற்றுக்கொண்ட முதல் பாடம் — அங்கே பாட்டுக்குப் பெயர் கிடையாது. நம்பர்தான். "நாப்பத்தேழு பாடலாமா?" "ஐயோ, அது இழுவை. இருநூத்தி ஆறு போடுங்க." இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வெளியாள் கேட்டால் ஏதோ பஸ் ஸ்டாண்டு என்று நினைப்பார்.

மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் விருப்பப் பாடல் நாள். யார் வேண்டுமானாலும் எழுந்து நம்பர் சொல்லலாம். சொல்வார்கள். எப்போதும் ஒரே நம்பர். முந்நூற்றுப் பதினெட்டு — அடக்கப் பாட்டு!

போதகர் கெஞ்சுவார். "இன்னிக்கு ஒரு குழந்தைக்குப் பேர் வெச்சிருக்கோம். ஏதாவது சந்தோஷமா சொல்லுங்களேன்..."

"அதுதான் போதகரே எங்களுக்குச் சந்தோஷம்" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வரும். குழந்தையின் அப்பாதான்.

ஒரு அடக்கப் பாட்டை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது? டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தேன்.

ஞானராஜ் மாஸ்டர், ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர் ஆனவர், பாடகர் குழுவின் தலைவர், கீபோர்டும் அவர்தான். "பேஸ், அதான் அடிக்குரல், பாடுறவனுக்கு அந்த ஒரு பாட்டுலதாம்மா வேலை இருக்கு. மத்ததுல எல்லாம் தூண் மாதிரி ஒரே ஸ்வரத்துல நிக்கணும்" என்றார்.

"ரொம்ப மேல போகாதுடி. தொண்டை பிழைக்கும்" என்றாள் பியூலா.

"மனப்பாடமா தெரியும். கண்ணாடி தேட வேண்டாம்" என்றார் ஒரு பெரியவர்.

பாட்டின் பொருள் பிடிக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும்!

கடைசியாக ஸ்டெல்லா ஆன்ட்டி. லோஹேகாவ்வாசி. கணவர் சாமுவேல் அங்கிளும் ஏர்ஃபோர்ஸ்தான். நான் சபைக்கு வருவதற்கு முந்தின வருடம் தவறிவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆன்ட்டி புனேவுக்கு வந்து தலைமுறை ஒன்று ஆகிவிட்டது. ஆனாலும் பேச்சில் பாளையங்கோட்டை அப்படியே இருக்கிறது.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூணாவது வரி வந்தா பொறுக்காது பிள்ள. எல்லாரும் மூச்சு இழுக்குத நேரத்துல அவுக முந்திருவாக. ஒரு பீட்டு முன்னாடி! சபையே சிரிக்கும். எனக்கு மானம் போவும். கல்யாணமானதுலேர்ந்து சொல்லிப் பாத்துட்டேன். 'ஸ்டெல்லா, நான் கரெக்டாத்தான் வாரேன், பாட்டுதான் லேட்டு'ம்பாக."

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. மூன்றாவது வரிக்கு முன்னால் சபை மொத்தமும் ஒரு கணம் நிற்கும். அதன் பிறகுதான் எடுக்கும். யாரும் யாருக்கும் சொல்லிவைத்ததில்லை. பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று ஸ்லைடில் அந்த இடத்தில் நான் ஒரு கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். அவர் முந்துவதற்காக விட்ட இடம் அது. ஆள் போன பிறகும் இடம் இருந்தது.

"என் அடக்கத்துக்கும் அதேதான். மாஸ்டர்ட்ட ரிசர்வ் பண்ணியாச்சு. ஸ்லைடு நீதான் போடணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

இந்த ஆன்ட்டியின் மகன் ஜெபினுக்குத்தான் கல்யாணம். பெண் ஸ்நேஹல். மராட்டியப் பெண், அவர்களும் சர்ச் குடும்பம்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு அவளிடமிருந்து எனக்கு ஹிந்தியில் மெசேஜ். "மோதிரம் மாற்றியதும் நான் பாடப் போகிறேன். 318. ஐந்து சரணமும். ஆன்ட்டிக்கு சர்ப்ரைஸ். ஜெபினிடம்கூடச் சொல்லவில்லை. ப்ளீஸ் ஸ்லைடு ரெடி பண்ணுங்க தீதி!" கூடவே நாலைந்து இதயங்கள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவள் கணக்கில் தப்பே இல்லை. ஜெபினோடு எங்கள் சபைக்கு வந்த ஐந்தாவது ஞாயிறுகளில் எல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். ஆன்ட்டி எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுவதைப் பார்த்திருக்கிறாள். மாமியாருக்குப் பிடித்த பாட்டு எது? விடை சரி. சந்தர்ப்பம்தான்...

ஆன்ட்டி சாமானியப்பட்ட ஆளா? பூக்காரர் வெள்ளை லில்லி வைக்கலாம் என்றதற்கே, "வெள்ளப் பூ வச்சா அது கல்யாணமாய்யா, கல்லறையா?" என்று மொத்த ஆர்டரையும் மாற்றியவர். அவர் முன்னால், வந்த முதல் நாளே, மருமகள் மைக்கைப் பிடித்து அடக்கப் பாட்டு பாடினால்? அந்தப் பெண் அந்த வீட்டில் எந்த முகத்தோடு காபி கேட்கும்?

யாராவது அவளிடம் சொல்லியாக வேண்டும்.

போதகரிடம் போனேன். "நீங்க சொன்னா சாஃப்ட்டா இருக்கும்மா. போதகர் கூப்பிட்டுச் சொன்னா பொண்ணு பயந்துரும்" என்றார்.

மாஸ்டரிடம் போனேன். "ஏர்ஃபோர்ஸ்ல எவ்வளவோ எமர்ஜென்சி பாத்துருக்கேன். ஆனா இது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா."

சரி, நானே. ஸ்நேஹலை ஒரு மிசல் கடையில் சந்தித்தேன். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தில் சுற்றிய துப்பட்டாவை அவிழ்த்து, உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஐந்து சரணமும் தேவநாகரி எழுத்தில். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"வீட்டில் பாடினால் தம்பி கிண்டல் பண்ணுகிறான் தீதி. அதனால் ஹெல்மெட்டுக்குள் பாடிப் பழகுகிறேன். காலையும் மாலையும். ஒரு சிக்னலுக்கு ஒரு சரணம்" என்றாள் ஹிந்தியில்.

கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். புனே டிராஃபிக். பச்சை விழக் காத்து நிற்கும் ஆயிரம் வண்டிகள். நடுவில் ஒரு ஹெல்மெட்டுக்குள் மட்டும் அடக்க ஆராதனை.

"ஸ்நேஹல், இந்தப் பாட்டு வந்து..."

"எனக்கு நாலாவது சரணம்தான் ரொம்பப் பிடிச்சது! அந்த ழ, ழ என்று வருமே... வாயில் வெண்ணெய் மாதிரி!"

புழு சரணம்.

நான் மிசலைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனி சேதத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. மூவரும் கூடித் திட்டம் போட்டோம். ஒன்று: மாஸ்டர் தாளத்தைக் கொஞ்சம் துள்ளலாக வாசிப்பார். இரண்டு: பின்னணியில் இருக்கும் மெழுகுவர்த்திப் படத்தை எடுத்துவிட்டு ரோஜா போடுவேன். மூன்று: பொருளை ஹிந்தியில் போடச் சொல்லிப் பெண் வீட்டார் கேட்டால் புரொஜக்டருக்கு உடம்பு சரியில்லை. நான்கு: ஜெபம். அந்தப் பொறுப்பு போதகருக்கு. என் சார்பில் நானும் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை. ஒரு பக்கம் ஃபேட்டாத் தலைப்பாகை கட்டிய பெண் வீட்டார். மறுபக்கம் திருநெல்வேலியிலிருந்தும் லோஹேகாவிலிருந்தும் வந்த பட்டுப்புடவைகள். மோதிரம் மாற்றியாயிற்று. ஸ்நேஹல் மைக்கை வாங்கினாள். மாஸ்டர் கீபோர்டில் கை வைத்தார்.

நாலே ஸ்வரம். தமிழ்ப் பக்கம் மொத்தமும் கைக்குட்டையை எடுத்துவிட்டது.

துள்ளலாவது, ஒன்றாவது? பழக்கம்! கை தானாகப் பைக்குள் போகிறது. ஒரு சித்தி விசும்பவே ஆரம்பித்துவிட்டார். யாருக்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது. முன்வரிசையில் ஸ்டெல்லா ஆன்ட்டி மெல்லத் திரும்பி, லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைப் பார்த்தார். 'யாருளா நம்பர மாத்திப் போட்டது?' என்று கேட்டது அந்தப் பார்வை.

ஸ்நேஹல் பாடினாள். தெள்ளத் தெளிவான தமிழ். பொழுது சாய்ந்தது. ஆன்ட்டி எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் சும்மா உட்காருகிறவர் இல்லை. போதகர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரி முடிந்தது. மூன்றாவது வரி. சபை வழக்கம்போல் மூச்சை இழுத்து, வழக்கம்போல் நின்றது.

ஸ்நேஹல் நிற்கவில்லை. ஒரு பீட்டு முன்னாடி எடுத்துவிட்டாள்.

தவறிப்போய் அல்ல. அழுத்தமாக, ஆனந்தமாக, பாட்டுதான் லேட்டு என்பது போல.

சபை சிரித்தது. அழுதுகொண்டிருந்த சித்திகூடச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பாட்டுக்கு நான் கேட்டதில்லை. மற்றவர்கள் அதைக் கேட்டது சாமுவேல் அங்கிள் இருந்தவரைக்கும்தான். ஜெபின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஆன்ட்டி நின்ற இடத்திலேயே நின்றார். ஓர் அடிகூட நகரவில்லை.

இரண்டாவது சரணம், மூன்றாவது வரி. ஸ்நேஹல் முந்தினாள். கூடவே ஆன்ட்டியும் முந்தினார் — வாழ்க்கையில் முதல்முறையாக. மூன்றாவது சரணத்தில் ஜெபின். நான்காவதில் சபை முழுவதும் முந்திக்கொள்ள, மாஸ்டர் மட்டும் சரியான தாளத்தில் தன்னந்தனியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். புழுவை அத்தனை உற்சாகமாக யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள்.

தமிழர்கள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து மராட்டியப் பக்கமும் அழத் தொடங்கியது. கல்யாணப் பாட்டுக்கு இவ்வளவு உருகுகிறார்களே, என்ன மாதிரியான ஜனங்கள்!

இங்கேதான் என் பங்கு வருகிறது. பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மெழுகுவர்த்தியை எடுத்தேன், ரோஜா போட்டேன், ஐந்து சரணத்தையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஆறாவது ஸ்லைடைத் திறக்கவே இல்லை. அடக்க ஆராதனைக்கென்று செய்த ஃபைல் அல்லவா? பாட்டு முடிந்ததும் திரையில் ரோஜாக்களுக்கு நடுவே வந்தது: 'வண்டி வாசலில் தயாராக உள்ளது. குடும்பத்தினர் முதலில் செல்லவும்.'

தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பயபக்தியாக எழுந்தார்கள். நாலு அங்கிள்கள் பழக்க தோஷத்தில் முன்னால் வந்து, பக்கத்துக்கு இரண்டு பேராக மணமக்களின் இருபுறமும் நின்றார்கள். தூக்க எதுவும் இல்லை என்பது அவர்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. வாசலில் வண்டி உண்மையாகவே தயாராக இருந்தது — சிவப்பு ரோஜா ஜோடித்த கல்யாணக் கார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் மாமா ஃபேட்டாவோடு எழுந்தார். மராட்டி நாடகப் பைத்தியம். அந்த ஊர் நாடகத்தில் பாட்டு பிடித்துவிட்டால் பார்வையாளர்களிடமிருந்து ஒரு குரல் வரும். அதே குரலை சர்ச்சில் கொடுத்தார்.

"வன்ஸ் மோர்!"

மறுபடியும் பாடினோம். ஐந்து சரணமும்.

சாப்பாட்டுப் பந்தியில் ஸ்நேஹல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லோரும் ஏன் சிரித்தார்கள் தீதி? தப்பாகப் பாடிவிட்டேனா? ஜெபின் எப்போதோ அனுப்பிய பழைய ரெக்கார்டிங்கில் ஒரு அங்கிள் அப்படித்தானே பாடுகிறார்? அவரைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். அவள் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்தார். "நீ கரெக்டாத்தான் பாடுன. நாங்கதான் இத்தன நாளும் லேட்டு" என்றார், பாளையங்கோட்டை ஹிந்தியில்.

பாட்டை எதற்காகப் பிடிக்கிறது என்று கேட்டால், காரணத்தைச் சொல்லத் தெரியாமல் தொண்டையையும் கண்ணாடியையும் சொல்கிறோம். உண்மையில் பக்கத்தில் நின்று பாடியவர் யார் என்பதுதான் விஷயம். அது புழுவையே தாங்குகிறது!

பெண் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கும் 'அந்த சந்தோஷப் பாட்டு' வேண்டும் என்று இப்போதே சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் மறுக்கவில்லை. பொருளை நானும் சொல்லவில்லை. ஆறாவது ஸ்லைடை மட்டும் அழித்துவிட்டேன்.

நேற்று ஆன்ட்டியிடமிருந்து போன். "ஏ பிள்ள, என் அடக்கத்துக்குப் போட்ட ரிசர்வேஷன கேன்சல் பண்ணிரு. வேற ஏதும் நல்ல நம்பரா பாரு. கல்யாணப் பாட்டப் போயி யாராவது அடக்கத்துல பாடுவாகளா?"