மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் செத்த காளை

எங்கள் வீட்டுக் காளைகளில் ஒன்று செத்த அன்று, அது எதனால் செத்தது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எல்லோரும் பேசினார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. குடவாசல் பக்கத்தில் குத்தகை நிலம். மிராசுதார் நிலத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மாமனார் விடமாட்டேன் என்று நின்றார். குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார். விசாரணைக்கு ஆட்கள் வரும்போது, தான்தான் உழுகிறவன் என்று காட்ட அவரிடம் இருந்தது அந்த ஜோடிக் காளை மட்டும்தான். மாடு இல்லாதவன் எப்படிய்யா பயிர் வைத்தான் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஆளுங்கட்சிக்காரர்கள் மனுவை நகர்த்தித் தருகிறோம் என்றார்கள். சிவப்புக் கொடிச் சங்கத்துக்காரர்கள் வயலில் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மாமனாருக்கு இரண்டு பேரும் வேண்டும். அதனால் அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு, காளைகளின் ஒரு கொம்புக்குச் சிவப்பும் மறு கொம்புக்குக் கறுப்பு சிவப்பும் அடித்தார். மாட்டுக்கு விவரம் தெரிந்திருந்தால் வெளியே தலைகாட்டியிருக்காது.

எங்கள் ஊரில் பூசை முடிந்ததும் மாடுகளைத் தெருவழியே ஓட்டி வருவார்கள். வாசலுக்கு வாசல் வாழையிலையில் பொங்கல் வைத்து ஊட்டுவார்கள். எப்போதும் ஒரு கவளம்தான். ஆனால் அந்த வருஷம், எங்கள் மாட்டுக்கு ஊட்டினால் எங்கள் பக்கம் நிற்பதாக அர்த்தம் என்று ஆகிவிட்டது. சங்கத் தலைவர் வீட்டில் தாம்பாளம் நிறைய வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டில் குண்டானையே கொண்டுவந்து கவிழ்த்தார்கள். நடுவில் இருந்த வீடுகளும் சும்மா இருக்கவில்லை. போதாக்குறைக்கு மிராசுதார் வீட்டிலிருந்து வழக்கம்போலச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. போதும் என்று சொன்னால் மரியாதையில்லையாம். மாமனார் ஒரு வாசலையும் விடவில்லை, ஓர் இலையையும் தள்ளவில்லை.

மறுநாள் காலையில் ஒரு காளை எழுந்திருக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. இடப்பக்கம் வயிறு உப்பிக் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் செத்துப்போனது. மாமனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை தாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "வெஷம் வச்சுட்டான்."

யார் என்று கேட்க வேண்டியதில்லை. மிராசுதார்தான்.

"மாமா, சாணியப் பாருங்க. தண்ணியாப் போயிருக்கு, புளிச்ச நாத்தம் அடிக்குது. எங்க வீட்டுல ஒரு மாடு நெல்லுக் குவியல்ல வாய் வச்சு இப்படித்தான் செத்துச்சு. சோறு செமிக்கலங்க" என்றேன்.

"ஒங்க ஊருக் கதையெல்லாம் இங்க வேணாம்மா. சர்க்கரைப் பொங்கல் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

இன்னொரு காளை நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதுவும் தலையைத் தொங்கப்போட்டுப் பல்லைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர், கொட்டில் வாசலுக்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாதாம். என் வீட்டுக்காரரிடம், "மொதல்ல ஸ்டேஷனுக்குப் போ. மாட்டு டாக்டரு அப்பறம்" என்றார். அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்கே போனார். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளையைக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இதற்கிடையில் மாமியார் வாளியில் வடிகஞ்சியோடு வந்து நின்றார். "பாவம், காலையிலேருந்து ஒண்ணுமே திங்கல."

சோறு தின்று சாகக் கிடக்கிற மாட்டுக்குக் கஞ்சி! "அத்தை, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், குடுங்க" என்று பிடுங்கிக் கீழே கொட்டினேன். கஞ்சியைக் கொட்டின மருமகள் என்று தெருவெல்லாம் பேர் வாங்கியது அப்படித்தான்.

பிற்பகலில்தான் டாக்டர் வந்தார். அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, போலீசைக் கூட்டி வர என் வீட்டுக்காரர் மறுபடி ஸ்டேஷனுக்கே போயிருந்தார். மூங்கிலுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் மாட்டின் விலாவை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு சோறு போட்டீங்க?"

மாமனார் மேலே பார்த்தார். நான் சொன்னேன்.

"வெஷமுமில்ல, ஒண்ணுமில்ல. சோறு வயித்துல புளிச்சுக் கெடக்கு" என்றவர், ஊசி போட்டுவிட்டு என்னிடமே மேலே சொன்னார். "சோடா உப்பக் கரைச்சு ஊத்துங்க, எண்ணெய் ஊத்துங்க. படுக்க விடாம நடத்திக்கிட்டே இருங்க. பொழுது சாயறதுக்குள்ள அசை போட்டுச்சுன்னா பொழைச்சுக்கும்."

அப்போது எங்கள் வாசலில் இரண்டு கட்சியும் கூடியிருந்தது. செத்த காளையை வண்டியில் ஏற்றி மிராசுதார் வீட்டுக்கு ஊர்வலம் போவதாகத் திட்டம். அதில் இரண்டு தரப்புக்கும் ஒரே கருத்து. மாட்டின் மேல் எந்தக் கொடியைப் போர்த்துவது என்பதில்தான் சண்டை. உயிரோடு இருந்த மாட்டுக்குத் தலையைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை.

நான் வாசலுக்குப் போய், "மாமா, அங்க நின்னது போதும், வந்து தலையப் புடிங்க" என்று கத்தினேன். அத்தனை ஆண்கள் முன்னால் அவரிடம் அப்படி நான் பேசியதேயில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் தூக்கிப் பிடிக்க, நான் மூங்கில் குழாயில் ஊற்றினேன். பிறகு கொல்லையில் அவர் முன்னால் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். மாடு நிற்கும், முனகும், மறுபடி நடக்கும். வெகுநேரம் கழித்துப் பெரிதாக ஏப்பம் விட்டது. கழிந்தது. அப்புறம் நின்ற இடத்திலேயே தாடையை மெல்ல அசைத்தது. அசைதான் போட்டது.

மாமனார் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்ப அத நாந்தான் கொன்னேனா?"

அன்று முழுக்க அதைச் சொல்லத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"ஆமாம் மாமா."

மாட்டின் கழுத்திலிருந்து முகத்தை எடுத்தார். பிறகு, "வாசல்ல நிக்கிறாங்களே. என்னால சொல்ல முடியாதும்மா. நீ போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். கையெல்லாம் எண்ணெய், புடவையெல்லாம் சாணி. "மாடு வெஷத்துல சாவல. பொங்கச் சோறு தின்னு செத்துச்சு. டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன்.

"யாரு வீட்டுச் சோறு?" என்றார் சங்கத் தலைவர்.

"மிராசுதாரு வீட்டுதுதானே?" என்றார் கிளைச் செயலாளர். சங்கத் தலைவரும் தலையை ஆட்டினார். இதிலும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

"எல்லாரு வீட்டுதும்தான். ஒங்க வீட்டுல தாம்பாளம், ஒங்க வீட்டுல குண்டான். மாமா யாரையும் வேணாங்கல."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "நாங்க ஆசையாத்தானே போட்டோம்" என்றது.

அவள் சொன்னது உண்மை.

"குழி வெட்டணும், நாலு பேரு வாங்க" என்றேன்.

மாமனார் மண்வெட்டியோடு கொல்லையிலிருந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தென்னைக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தத் தொடங்கினார். இரண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே போனார்கள்.

"யாரும் வர வேணாம்" என்றார்.