விழாத கல்

கிணறு வெட்டும் கிரேனில் நான் லிவர் பிடித்த முதல் வாரம் அது. அதற்கு முன்பு பல வருஷம் கிணற்றுக்குள்ளே கடப்பாரையோடு இருந்தவன். ஐந்தாவதுக்கு மேல் படிப்பு இல்லை, நாலு பேர் முன்னால் பேச்சும் வராது. அப்படிப்பட்டவனுக்கு மேலே உட்கார்ந்து செய்கிற வேலையைக் கர்த்தர்தான் கொடுத்தார் என்று நம்பினேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் பழைய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். உள்ளே மூன்று பேர். மேலே இருந்து பார்த்தால் மூன்று தலைப்பாகை மட்டும் தெரியும். ஆட்களோடு பக்கெட் இறங்கும்போதெல்லாம், "ஆண்டவரே, உம்ம கையில" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

"இன்னாடா முணுமுணுக்கற? இப்பவே எங்களுக்குச் சங்கு ஊதறியா?" என்று அந்த மூவரில் ஒருவனான ஏழுமலை கத்துவான். அந்த டீசல் வாசனையும் அவன் கிண்டலும் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆட்களை மேலே ஏற்று என்று மனதுக்குள் ஒன்று சொன்னது. கயிற்றைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கிணற்றுச் சுவரைப் பார்த்தேன், ஒரு விரிசல் இல்லை. மறுபடியும் அதே வார்த்தை வந்தது. எஞ்சினைக் குறைத்துவிட்டுக் குனிந்து, "எல்லாரும் மேல வந்துடுங்க!" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே மூன்று பேரும் அடித்துப்பிடித்துப் பக்கெட்டில் ஏறிவிட்டார்கள்.

மேஸ்திரி வேப்பமரத்தடியிலிருந்து ஓடி வந்தார். "இன்னாடா ஆச்சு? கல்லு பேந்துச்சா?"

"இல்ல மேஸ்திரி."

"கயிறு?"

"நல்லா இருக்குது."

"அப்புறம் எதுக்குடா ஏத்துன?"

"ஆண்டவர் சொன்னாரு மேஸ்திரி."

ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்க ஆண்டவரு கீழ எறங்கி கம்ப்ரசர்ல பாறை தொளைப்பாரானு கேளு. எனக்கு வேலை கம்மியாவும்."

"ஆள எறக்கு," என்றார் மேஸ்திரி.

"இன்னிக்கு எறக்கமாட்டேன்."

"அப்ப நாளைக்கு லிவர்ல நீ கெடையாது. கல்லு வாரிக் கொட்டு, போ."

லிவர் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் அன்று யாரும் இறங்கவில்லை. பொழுது சாய்கிற வரை கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கல்லாவது விழக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். அப்படி ஆசைப்பட்டதை நினைத்துப் பயமாகவும் இருந்தது. ஒன்றும் விழவில்லை.

மறுநாள் மேஸ்திரியின் மச்சான் லிவரில் உட்கார்ந்தார். நான் கூடையோடு ஓரமாக நின்றேன். முதலில் இறங்க வேண்டிய ஏழுமலை, பக்கெட் விளிம்பைப் பிடித்தபடி ஏறாமல் நின்றான்.

"இன்னாடா?" என்றார் மேஸ்திரி.

"அவன் லிவர்ல உக்காரட்டும்."

"நேத்து நீதானடா அவன அந்தக் கிண்டல் பண்ண?"

"கிண்டல் வேற, எறங்கறது வேற மேஸ்திரி. கல்லு விழாதப்பவே வேலை போனாலும் போவுதுனு ஏத்துனான். நெஜமா விழும்போது உட்டுடுவானா?"

மற்ற இரண்டு பேரும் நகரவில்லை. மேஸ்திரி என்னைப் பார்க்காமலேயே, "போய் உக்காரு," என்றார். அன்றிலிருந்து இன்றுவரை லிவர் என் கையில்தான்.

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்ததில்லை. எழுந்தால், "அப்புறம் கல்லு விழுந்துச்சா பிரதர்?" என்று கேட்பார்கள். விழவில்லை. அவர் ஏன் ஏற்றச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு, நான் கற்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர் சொன்னால் ஏற்றுவது நம் வேலை. கல் விழுவதும் விழாததும் அவர் வேலை.

பஸ் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். அந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது. சுவரில் ஒரு கல்கூட இன்னும் பெயரவில்லை. விழாமல் அப்படியே இருக்கட்டும்.