அண்ணனின் பந்துச் சட்டை

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் காற்பந்தில் கோப்பை வாங்கித் தந்த அண்ணனின் பந்துச் சட்டையை, அவர் இறந்த பின் ஆண்டுதோறும் படையலில் வைத்து வந்தேன். எண்பதுகளில் கம்பெனி தோட்டத்தை விற்றதும், கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகச் சொல்லி ஈப்போ நகரப் பந்துக் கழகச் செயலாளர் அதை வாங்கிப் போனார். கழக விருந்தில் அதைத் துண்டு துண்டாக வெட்டி, அண்ணன் படம் போட்ட அட்டைகளில் ஒட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று.

“இனிமே எல்லார் வீட்டுலயும் அண்ணன் இருப்பாரு லா, அக்கா,” என்றார் செயலாளர்.

“அப்ப கோப்பையையும் வெட்டிக் கொடுங்க லா,” என்றேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெட்டிய துணியைப் படையலில் வைக்கக்கூடாது. அதன் பிறகு வைக்கவில்லை. சட்டை முதுகில் இருந்த எண் ஏழா, ஒன்பதா என்று இப்போது சந்தேகம். முதுகுத் துண்டு யாரிடம் இருந்தாலும் பார்த்துச் சொல்லுங்கள்.