மூடிக் கணக்கு

பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றி, கஷாயம் குடிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். ஒரு மூடிதான். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. எழுபது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இவருக்குக் கீழே உள்ளவர்கள் வைத்த பெயர் ‘மேலிடம்’. இவர் சம்மதமில்லாமல் கட்டடத்தில் ஒரு கம்பி நகராது.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சமல்ல, ஏணி. கழிப்பறை தரையில் இருக்கிறது. இறங்கி ஏற முக்கால் மணி. அதுவரை மொத்த வேலையும் அண்ணாந்து நிற்கும். “என்ன மேலிடம், மறுபடியும் சுற்றுப்பயணமா?” என்று மேஸ்திரி வாக்கி டாக்கியில் கேட்பார். அவசரத்துக்குக் காலி பாட்டில் இருக்கிறதே என்றால், எதிரே பதினேழாம் மாடி அலுவலகம். “அங்கேர்ந்து பொம்பளைங்க எனக்கு டாட்டா காட்டுறாங்க சார். எப்படிப் போறது?” என்பார் இவர்.

பன்னிரண்டு வருஷமாக மூடிக் கணக்கு தவறவில்லை. தவறியது வெயில். முன்பு நண்பகலில் சுட்ட ஏணிக் கம்பி இப்போது எட்டு மணிக்கே சுடுகிறது. கூண்டிலுள்ள மின்விசிறி, சூடான காற்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றும் உத்தியோகம் பார்க்கிறது. சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனபோது டாக்டரிடம் போனார்.

“சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. தண்ணி நிறையக் குடிங்க. வெயில்ல நிக்காதீங்க.”

“நான் எங்க டாக்டர் நிக்கிறேன்? உக்காந்துதானே இருக்கேன்!”

மனைவி பெரிய பாட்டிலில் மணிக்கொரு கோடு போட்டுக் கொடுத்தார். மாலையில் அது காலியாகத் திரும்பியது. “கோட்டுக்குக் கோடு குடிச்சிருக்கீங்களே, சமத்து!” என்று மெச்சினார். தண்ணீர் முழுவதும் கொதிக்கும் இருக்கைக்கும் கழுத்துத் துண்டுக்கும் போனதை இவர் சொல்லவில்லை.

போன வாரம் கண் இருட்டியது. தொங்கிய கம்பிக் கட்டு ஆடிப்போய், மேஸ்திரியின் தலைக்கவசத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. வாக்கி டாக்கியில் கிண்டல் வரவில்லை. “அண்ணே… அண்ணே, இருக்கீங்களா?” என்றுதான் கேட்டது.

இன்று மூடியைத் தொடவில்லை. பாட்டிலை அப்படியே சாய்த்து மூன்று கோடு குடித்தார். அலுவலகம் பார்த்த கண்ணாடியில் துண்டைக் கட்டினார். சற்றுப் பொறுத்து, துண்டின் ஓரத்தை விலக்கி, பாதி நிறைந்த பழைய பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்க்கிறார்.

எதிரே யாரோ டாட்டா காட்டுகிறார்கள். இவர் கையை இறக்கவில்லை.