குயில், பாலக்கோடு

செசிலி அக்கா போய்விட்டார் என்ற செய்தி தர்மபுரியில், அரூர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அவருடைய மண்டியில் பெட்டி ஏற்றும் சின்னப்பன் ஜன்னலருகே வந்து, "உங்களுக்குத் தெரியாதுங்களா? அக்காளை நேத்தே அடக்கம் பண்ணிட்டோங்க" என்றார். பஸ் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அடக்கமே முடிந்த பிறகு எங்கே போவது?

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பாலக்கோட்டில் அவருடைய தக்காளி மண்டிக்குக் கணக்கெழுத வந்தபோது, யார் கேட்டாலும் தலை நிமிராமல்தான் பதில் சொல்வேன். "மேசைகிட்டயா பேசுறே புள்ள? அதுக்குக் காது இருக்குதா?" என்பார்.

மண்டிக்கு உயிர் தந்திதான். சரக்கை அனுப்பு, நிறுத்து என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காலையில் வரும். முழு விலாசம் எழுதினால் சொல்லுக்குச் சொல் கட்டணம். அதனால் தந்தி அலுவலகத்தில் ஒரு சின்னப் பெயரைப் பதிவு செய்துகொள்வோம். எங்களுடையது 'சவரி', அக்காவின் மாமனார் பெயர். 'சவரி, பாலக்கோடு' என்றால் போதும். அது எந்தக் கடை வாசல் என்று தந்தி அலுவலகம் பார்த்துக்கொள்ளும். ஓர் ஊரில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். விட்டால், கேட்கிறவருக்குப் போய்விடும்.

அக்காவின் கணவர் இறந்தபோது அது விட்டுப்போனது. முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டில் யாரும் வியாபாரத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள். பிறகு போய்க் கேட்டால், எதிரில் தனிமண்டி வைத்திருந்த கொழுந்தனார் சூசை அந்தப் பெயரை எடுத்திருந்தார். அவருக்கும் அது அப்பா பெயர்தான். எங்களுக்கு வந்த தந்திகள் அவர் கடைக்குப் போயின. 'நிறுத்து' என்று வந்தது தெரியாமல் ஒரு லாரியை அனுப்பிவிட்டோம். சென்னையில் எடுக்க ஆளில்லாமல் பழம் நீர்விட்டு அழுகியது. இன்னொரு லாரி அப்படிப் போனால் மண்டியை மூட வேண்டியதுதான்.

வழக்குப் போடலாம் என்றேன். "நாம சண்டை போட்டு முடிக்கிறவரைக்கும் பழம் காத்துக்கிட்டிருக்குமா?" என்று அக்கா கிளம்பிப் போய், 'குயில்' என்று பதிந்துவிட்டு வந்தார். ஆட்களுக்கு ஒரே சிரிப்பு.

"ஏனுங்கக்கா, தக்காளிக்கும் குயிலுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"மாமனாரு பேரு வெச்சா பங்குக்கு ஆள் வருது. குயிலுக்கு எவன் வருவான் பங்காளி?"

பதிந்தால் மட்டும் ஆயிற்றா? தந்தி அடிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. பெட்டிக்குப் பெட்டி 'தந்தி: குயில்' என்று மையில் எழுதினோம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறினார். "எங்க பேரு இப்ப என்னா? சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒவ்வொரு வியாபாரியையும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். பாதிக் கடைகளுக்கு என்னைத் தனியே அனுப்பினார். அந்த மாதமே தந்திகள் எங்கள் வாசலுக்குத் திரும்பின.

அடுத்த ஆண்டு சூசை தன் மகள் கல்யாண அலைச்சலில் புதுப்பிக்க மறந்தார். தந்தி அலுவலகத்தில் இதைக் கேள்விப்பட்டு மூச்சு வாங்க ஓடிவந்தேன். "அக்கா, நம்ம பேரு சும்மா கெடக்குதுங்க. இன்னைக்கே எடுத்துடலாமுங்க."

"அந்தப் பேருக்கு வர்ற தந்தி இப்ப யாருது?"

"அவருதுங்க."

"போய் அவருகிட்டச் சொல்லு. இன்னைக்கே கட்டச் சொல்லு."

"நமக்கு அவரு பண்ணலீங்களா?"

"பண்ணாரு. லாரி அழுகுனா வூட்டுல எப்படி இருக்கும்னு அதனாலதான் எனக்குத் தெரியும். போ புள்ள."

தெருவைக் கடந்து சொன்னேன். "அண்ணியா சொன்னாங்க?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, சூசை கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தந்தி அலுவலகத்துக்கு ஓடினார்.

அக்கா செய்தது சரியா என்று எனக்கு இன்றும் முடிவாகத் தெரியவில்லை. சூசை அதற்குப் பிறகும் விலையில் எங்களோடு மோதத்தான் செய்தார். நானாக இருந்தால் அந்தப் பெயரை எடுத்திருப்பேன். ஆனால் இப்போது அரூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில், பிடிக்காத ஒருவருடைய கெடு தவறப்போவது கண்ணில் பட்டால், பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் அவர் முன்னால் போய் நிற்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.