அக்கா கல்யாணத்துக்கு மாமா வாங்கிய வெளிச்சம்

எங்கள் மாமாவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இது அவரே சொன்னது. யுத்தம் முடிந்து ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். மறுநாளே தன்னைப் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். மற்ற நாட்களில் துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கபாலி கோயில் குளத்துப் படியில் நிற்கவைத்துப் படம் பிடிப்பார். பத்துப் படம் எடுத்தால் ஏழில் எங்களுக்குத் தலை இருக்கும். அதற்கே அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். மாப்பிள்ளைக்கு நாகபுரியில் ரயில்வே வேலை. கல்யாணமான மூன்றாம் நாளே அக்காவை அழைத்துக்கொண்டு போய்விடுவார். ரேஷன் காலம். இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வேறு. அதனால் மந்தைவெளியில் பெரியம்மா வீட்டிலேயே வாசலில் பந்தல் போட்டு, கூடத்தில் மணை போட்டுச் சின்னதாக நடத்திவிடுவது என்று தீர்மானம்.

பெரியப்பா இறந்து சில வருஷமாகியிருந்தது. அவருடைய அண்ணன்தான் குடும்பத்துக்குத் தலை. பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வோம். அவரும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்து அக்காவைத் தாரை வார்த்துக் கொடுப்பதாக ஏற்பாடு. பெரியம்மா வெள்ளைப் புடவைக்காரி. மணமேடைப் பக்கம் வரக்கூடாது, பின்கட்டிலேயே இருந்துவிட வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுவதுபோல இதுவும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு நாள் மாமா பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா குழம்பு ஊற்றியபடி தம்பியிடம் கேட்டாள்.

"தாலி கட்டுற நேரத்துல ஒரே ஒரு படம் எடுத்துக் குடுடா. அவ முகம் தெளிவா விழணும். நான் அதுலதான் பார்க்கணும்."

மாமா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இலையிலேயே வைத்தார். பிறகு, அதற்கென்ன, ஜோராக எடுத்துவிடலாம் என்று சொல்லி, மோர் வேண்டாமென்று எழுந்துவிட்டார். மோர் இல்லாமல் மாமா எழுந்தது அன்றைக்குத்தான்.

சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கூடத்தில் படம் எடுப்பது சாமானியமில்லை. சாதாரண நாளிலேயே அங்கே அரிசியில் கல் பொறுக்க வாசலுக்கு வரவேண்டும். பந்தல் போட்டால் வாசல் வெளிச்சமும் போய்விடும். முகூர்த்தமோ விடிந்தும் விடியாத நேரம். ஆகவே மாமா வெளிச்சம் தேடிப் புறப்பட்டார். டிராமில் ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மவுண்ட் ரோடு கடையில் பளிச்சென்று எரியும் பல்புகள் இருந்தன. ஒரு பல்பு ஒரே ஒரு படத்துக்கு. எரிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். விலையைக் கேட்டதும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பல்பைப் பொருத்த ஒரு கருவி வேண்டும், அது அவருடைய கேமராவுக்குச் சேராது என்று கடைக்காரர் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. தன் கேமராவின் தரத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று கடைக்காரருக்கே விளக்கிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்தது மருந்துப் பொடி. தியாகராய நகரில் ஒரு சிநேகிதர் கொஞ்சம் கொடுத்தார். தகரத் தட்டில் கொட்டிக் கொளுத்தினால் மின்னல் மாதிரி வெளிச்சம் வருமாம். மொட்டைமாடியில் பரீட்சை நடந்தது. மின்னலும் வந்தது, இடியும் வந்தது, மாமாவின் வலது புருவம் போயிற்று. யுத்தம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்களே என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து விசாரித்தார். மறுநாள் மாமா அக்காவின் கண்மையால் புருவம் வரைந்துகொண்டு ஆபீஸுக்குப் போனார். சாயங்காலம் திரும்பியபோது அந்தப் புருவம் கன்னத்தில் இருந்தது.

கடைசியில் லஸ்ஸில், பள்ளிக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய் விற்கிற கடையில் மக்னீசிய நாடா கிடைத்தது. மெலிசான, சாம்பல் நிறமான உலோக நாடா. நெருப்பில் காட்டினால் வெள்ளையாக எரியும். பல்பு மாதிரி பளிச்சென்று முடிந்துவிடாது, நாலைந்து விநாடி நின்று எரியும். விலையும் கையைக் கடிக்காது. கல்யாணப் படம் எடுக்கத்தான் என்று மாமா பெருமையாகச் சொன்னதும் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பசங்க பாடத்துக்கு வாங்கினு போற சாமான். இதை வெச்சிக்கினா கல்யாணம் பண்ணப் போறீங்க?"

மாமா அசரவில்லை. பெரியம்மா வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. நான்தான் மணப்பெண். மாப்பிள்ளை ஒரு தலையணை. மாமாவின் திட்டம் இதுதான்: முதல் முடிச்சுப் போட்டதும் மாப்பிள்ளை கையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பெண் குனிந்த தலை நிமிராமல் தாலியைப் பார்க்க வேண்டும். நாடா எரிந்து முடிகிறவரை ஒருவரும் அசையக்கூடாது. மணையிலிருந்து ஆறடி தள்ளி ஒருவர் நின்று, இடுக்கியில் நாடாவைப் பிடித்து, மெழுகுவர்த்தியில் கொளுத்திக் காட்ட வேண்டும். கூட்டத்தின் கண்ணும் கேமராவின் கண்ணும் கூசாதபடி மணைப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, அவருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவது. நான் சிலைபோல் உட்கார்ந்தேன். அந்தக் கல்யாணத்தில் எனக்கு நிகராக ஒருத்தரும் தாலியைப் பார்த்திருக்க முடியாது.

நாடா பிடிக்கத்தான் ஆள் அகப்படவில்லை. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்குப் பதிலாகத் தூணுக்கு வெளிச்சம் காட்டினார். அம்மா இடுக்கியைக் கீழே போட்டாள். சமையற்கட்டு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பிடித்தாள். அடுப்போடு பழகிய கை. நாடா எரிந்து வெள்ளைச் சாம்பலாகி விழுகிறவரை அது ஆடவில்லை. அந்தப் படத்தைக் கழுவிப் பார்த்தபோது என் மூக்குத்தி முதற்கொண்டு தெரிந்தது.

அதன்பிறகு மாமாவின் போக்கே மாறிவிட்டது. வேறு யாரும் இடுக்கியைத் தொடக்கூடாது என்றார். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். நன்றாக வந்தபிறகும் துண்டு துண்டாக நறுக்கி எரித்துக்கொண்டே இருந்தார். இப்படி வீணடிக்கிறாயே, கல்யாணத்துக்கு என்ன செய்வாய் என்று அம்மா திட்டினாள். ஒரு துண்டு பாக்கி இருக்கிறது, ஒரு படத்துக்கு அது போதும் என்றார். மறுபடி வாங்கலாம் என்றால் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டதாம். இவ்வளவு கெட்டிக்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிகாலையில் மாமா மணைக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். வேட்டியைக் கட்டினார். முக்காலியில் மெழுகுவர்த்தியை வைத்தார். பெரியவர் மணையில் உட்கார்ந்தபடியே, கோட்டில் யார் நிற்கப்போவது என்று கேட்டார். தன் அக்காதான் என்று மாமா பெரியம்மாவைச் சொன்னதும் நாயனக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்.

பெரியவர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளில்லை. "அவ எப்படி இங்க வந்து நிப்பா? ஒரு ஆம்பளையை நிறுத்து" என்றார்.

மாமா அன்று அவரிடம் பேசியதுபோல் யாரும் பேசி நான் கேட்டதில்லை. குரல் மட்டும் ரொம்பப் பணிவாக இருந்தது.

"நிறுத்தலாம். இருக்கிறது ஒரே துண்டு. பழகின கை அவங்க கை ஒண்ணுதான். பட்டு கட்டினவங்க நின்னா வெளிச்சத்தைக் குடிச்சிரும், வெள்ளைப் புடவைன்னா திருப்பிக் குடுக்கும். அவங்க கல்யாணத்துக்கு வரலீங்க. வெளிச்சத்துக்கு வர்றாங்க. திரைக்குப் பின்னாலதான் நிப்பாங்க. யார் கண்ணுலயும் பட மாட்டாங்க."

பெரியவர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் மேளக்காரரைப் பார்த்தார். புரோகிதர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை, தலையைத் தூக்காமல், "இருக்கட்டும், படம் நல்லா வரணும்" என்றார். மாப்பிள்ளைக்குத் தன் அழகில் இத்தனை கர்வமா என்று நினைத்தேன்.

பெரியம்மா பின்கட்டிலிருந்து சுவரோரமாக வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரைக்குள் போனதும் எங்களுக்கு அவள் தெரியவில்லை. மணையில் இருந்த அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் எழும்பியது. மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கூடம் அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத வெளிச்சத்தில் அசையாமல் இருந்தது. என்றைக்கும் தெரியாத உத்தரத்து ஒட்டடைகூடத் தெரிந்தது. அப்புறம் வெளிச்சம் அணைந்தது, அட்சதை விழுந்தது, மாப்பிள்ளையின் தங்கை மற்ற முடிச்சுகளைப் போட்டாள். நான் திரைக்குள் எட்டிப்பார்த்தபோது பெரியம்மா அங்கே இல்லை. பின்கட்டில் எனக்குப் பாயசம் ஊற்றியபோது அவள் புறங்கையில் மஞ்சள் அப்பியிருந்தாள். சாம்பல் விழுந்து கொப்புளித்திருந்தது.

அக்கா நாகபுரிக்குப் போன மறுவாரம் மாமா படத்தைக் கொண்டுவந்தார். பெரியம்மாவுக்கு முன்னால் நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை பிசகில்லாமல் இருந்தார். பெரியவர்கூடச் சொன்னபடி அசையாமல் இருந்தார். அக்கா மட்டும் தாலியைப் பார்க்கவில்லை. தலையை நன்றாக நிமிர்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டி நிற்பதுவரை தெளிவாக விழுந்திருந்தது. அத்தனை நாள் ஒத்திகை பார்த்த எனக்கல்லவா தெரியும், அது எவ்வளவு பெரிய பிசகு என்று.

சொன்னேன். மாமா என் கையிலிருந்து படத்தை வாங்கிப் பெரியம்மாவிடம் நீட்டினார். நீ கேட்ட படம் என்றார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

"எனக்கெதுக்குடா? நான்தான் பார்த்துட்டேனே. இதை அவளுக்கு அனுப்பிடு."

ஒரு படம் வேண்டுமென்று கேட்டதே இவள்தான். அதற்காக ஒரு மனுஷன் ஊரெல்லாம் அலைந்து, புருவத்தையும் பறிகொடுத்து எடுத்துவந்தால், வேண்டாமாம். மாமாவுக்குக் கோபம் வரட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு உறையைத் தேடி எடுத்து, படத்தை உள்ளே வைத்து, நாகபுரி விலாசத்தை முத்துமுத்தாக எழுதினார். பிறகு, அக்கா, கொஞ்சம் மோர் இருந்தால் கொடு என்றார். அன்று முழுக்க நான் இரண்டு பேரோடும் பேசவில்லை.