சந்தனம் வைத்த வயர்

என் சித்திக்கு எட்டு நிறங்களும் வரிசையாக மனப்பாடம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று முணுமுணுத்தபடியே எட்டு மெல்லிய கம்பிகளையும் பிளக்குக்குள் நுழைத்து, இடுக்கியால் ஒரே அழுத்து. மறுமுனையைக் கம்ப்யூட்டரில் சொருகினால் பச்சை விளக்கு எரியும். அதைவிடப் பெரிய வித்தை உலகத்தில் இல்லை என்று எட்டு வயதில் நம்பினேன். இப்போதும் அந்த எண்ணத்தில் பெரிய மாற்றமில்லை.

மயிலாப்பூரில் எங்களோடு இருந்த சித்தி, அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். மேஜைக் கம்ப்யூட்டரில் போடும் கணக்கு வயர் வழியாகப் போய் இயந்திரத்தை இயக்கும். அந்த வயர்களெல்லாம் அவள் பொறுப்பு. "பொம்பளப் புள்ளைக்கு ஏணி மேல இன்னாம்மா வேல?" என்று கேட்ட முதலாளி, ஆயுதபூஜை வரைக்கும் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். வீடே அந்த நாளுக்குக் காத்திருந்தது.

பூஜையன்று நானும் தொற்றிக்கொண்டேன். சுவரில் ஒரு பெட்டி, அதில் வரிசையாகத் துளைகள், துளைக்கொரு வயர். "இது தபால்காரர் மாதிரிடி. யாருக்கு வந்த கடுதாசியோ அவங்ககிட்ட மட்டும் குடுக்கும்" என்றாள் சித்தி. அவள் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு குட்டை வயர் மட்டும், ஒரு முனை பெட்டியிலும் மறுமுனை அந்தரத்திலுமாகத் தொங்கியது.

விளக்குமாறு முதல் ஏணி வரை பொட்டு வைப்பது என் வேலை. இயந்திரங்களுக்கு மட்டும் கடைசியில். சந்தனம் வைத்துவிட்டால் விஜயதசமி முடியும்வரை அவற்றைத் தொடமாட்டார்கள். ஒரு இயந்திரத்தில் கடைசி உருப்படி மிச்சமிருந்தது. அதை வாங்கிப்போக வண்டி வாசலில் நின்றது.

பெட்டிக்குப் பொட்டு வைத்தபோது அந்தத் தொங்கும் வயர் கண்ணை உறுத்தியது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா தொங்குவது? அதே பெட்டியில் காலியாக இருந்த துளையில் சொருகி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். அவ்வளவுதான், பெட்டியின் விளக்குகள் அத்தனையும் படபடவென்று மின்னத் தொடங்கின. கோயிலில் சீரியல் செட் போட்டதுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் முதலாளி கத்தினார். "இன்னாம்மா இது? பூச நேரத்துல எல்லாம் படுத்துக்கிச்சு! வெளிய வண்டி நின்னுகினு கீது!"

சித்தி ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. விளக்குகளைப் பார்த்தபடி வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குட்டை வயரைப் பிடுங்கியதும் மின்னுவது அடங்கியது. அந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அதில் என் விரல் சந்தனம். துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். நான் ஆசையாக வைத்ததை அழித்துவிட்டாளே என்று எனக்கு ஒரே கோபம்.

"என் தப்புதான் சார். நான்தான் மாத்திச் சொருகிட்டேன்" என்றாள். முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். கடைசி உருப்படி முடிந்து, பூஜை அரைமணி தாமதமாக நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சித்தி தப்புப் பண்ணித் திட்டு வாங்கியதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தன் சுண்டலில் பாதியை என் கிண்ணத்தில் தள்ளி, "ஆமாண்டி, தப்பாயிடுச்சு" என்று சிரித்தாள். அவளை நிரந்தரமாக்குவது பொங்கல் வரைக்கும் தள்ளிப்போனது.

பதினோரு வருடம் கழித்து, கல்லூரி ஆய்வகத்தில் யாரோ ஒரே வயரின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் சொருகிவிட்டார்கள். எல்லோருக்குமான செய்தி ஒரு துளையில் போய் மறுதுளையில் திரும்பி, மறுபடி எல்லோருக்கும் போய், ஓயாமல் சுற்றியது. அன்று பட்டறையில் பார்த்த அதே மாதிரி விளக்குகள் படபடத்தன. கம்ப்யூட்டர்கள் நின்றன. "யார் சொருகினது?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நான்தான்" என்று வாய்வரை வந்துவிட்டது.